மூலை வெட்டிய படப்புத்தகம்

அண்ணை போன மாசியில் காலமானார். அந்தியேட்டி பங்குனியில் வந்தது. இடைப்பட்ட நாள்களில் நாங்கள் ஒரு சிறுவர் படப்புத்தகம் செய்தோம்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டிக் கிரியைகளை முடித்து, வீட்டில் மத்தியானச் சாப்பாடு கொடுத்து, வந்தவர்கள் புறப்படும்போது கையில் ஒரு சிறு புத்தகமும் கொடுத்துவிடுவது வழக்கம். கல்வெட்டு என்று சொல்வோம். முதற்பக்கத்தில் இறந்தவரின் படம், பிறந்த திகதி, இறந்த திகதி, திதி. பிறகு வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, தேவாரங்கள், கடைசியில் நன்றி. ஊர்க் குறிப்புகள் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு இளவயதிலிருந்தே உண்டு. அதனால் யார் வீட்டுக் கல்வெட்டையும் நான் விடுவதில்லை. அவற்றில் பிழைகள் மலிவு. ஒன்றில் மகன் தகப்பனுக்கு மூத்தவர். இன்னொன்றில் ஒருவர் தமது கலியாணத்துக்கு முதல் வருடமே காலமாகியிருந்தார். அண்ணையின் கல்வெட்டுக்குத் திகதி பார்க்கும் வேலை என்னிடம்தான் வரும் என்று தெரிந்து, கொக்குவிலிலிருந்து சண்டிலிப்பாயில் அண்ணை வீட்டுக்குப் பேனையோடு போனேன்.

அண்ணைக்கு ஒரே மகள். பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறாள். தாயை முன்னமே இழந்தவள். அண்ணைக்கும் எனக்கும் நடுவில் பிறந்த அக்கா, கணவன் போன பிறகு அண்ணை வீட்டோடேயே இருக்கிறாள். எங்கள் மூவருக்கும் பின்னால் கடைசியாக ஒரு தம்பி.

முதல் நாளே மகள் தன் எண்ணத்தைச் சொல்லிவிட்டாள்.

“சித்தப்பா, தேவாரப் புத்தகம் எல்லா வீட்டிலையும் அலுமாரிக்கை கிடக்கு. ஆர் திறக்கினம்? அப்பா எனக்குச் சொன்ன சின்ன வயசுக் கதையளைப் படமாக் கீறப்போறன். பிள்ளையள் பாக்கட்டும்.”

“செத்தவீட்டுப் புத்தகத்தைப் பிள்ளையளின்ரை கையிலை ஆர் குடுப்பினம்?” என்றாள் அக்கா.

“குடுக்கவேணும் எண்டுதான் மாமி கீறுறன்.”

“கீறு, கீறு. கொப்பர் கோட்டுப் போட்டுப் படம் எடுத்து வைச்சிட்டுப் போனவர். நீ அவரை அரைக் காற்சட்டையோடை ஊருக்குக் காட்டு.”

சொல்லிவிட்டு அக்கா சிரித்தாள். செத்தவீடு நடந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு படம் என்று அடுக்கும்படி சொன்னது நான். எனக்கு எதையும் மாதத்தில் கட்டிவைத்தால்தான் நிம்மதி. சித்திரையில் கோயில் வீதி, ஆடியில் கூழ்ப்பானையைச் சுற்றிப் பிள்ளைகள், ஐப்பசியில் வெள்ளம் வந்த வழுக்கையாறு, மார்கழியில் விடியற்காலைப் பாட்டுக்காரருக்கு முன்னால் சேமக்கலம் அடித்துப் போகும் அண்ணை. அவள் கீறக் கீற நான் பிழை பார்த்தேன். தைப் படத்தில், பட்டம் விடும் வயலுக்கு அப்பால், புகையிலை இடுப்பளவு நின்றது. தையில் அது அப்போதுதான் வேர்பிடித்த கன்று, இப்படி வளரப் பங்குனி ஆகவேண்டும் என்றேன். தண்ணீர் இறைக்கும் துலாவில் ஏறி மிதிப்பவன் கிணற்றுக்கு முதுகு காட்டி நின்றான். அப்படி நின்றால் விழுவான் என்றேன். அவள் முகம் சுளிக்காமல் திருத்தினாள்.

ஆனால் எல்லாப் படங்களிலும் நாலு பிள்ளைகள் இருந்தார்கள். நாலாவது, எல்லாரிலும் சின்னவன், சிவப்புச் சேட்டு அணிந்தவன். ஒரு படத்தில் அண்ணையின் தோளில். இன்னொன்றில் கிணற்றடியில், வாளிக்குள் கையை விட்டபடி. எனக்குக் கேட்கத் தேவையிருக்கவில்லை. அக்கா கேட்டாள்.

“இவன் ஆர்?”

“சின்னச் சித்தப்பா.”

அக்கா கடதாசிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிக் கடைசிவரை பார்த்தாள். திரும்ப அடுக்கி, விளிம்பைத் தட்டிச் சமப்படுத்தி, அவளிடம் கொடுத்தாள்.

“இவனை எடு.”

தம்பி சண்டை நாள்களில் கோப்பாய்ப் பக்கம் சைக்கிளில் போனவன். மீசை சரியாக முளைத்திருக்கவில்லை. போன அலுவல் சின்னது. பின்னேரம் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனான். அவனும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. கண்டவர்கள் இருவர். ஒருவர் சந்திக்கு இந்தப் பக்கம் கண்டதாகச் சொன்னார், மற்றவர் அந்தப் பக்கம். அதற்கு மேல் இத்தனை வருடங்களாக யாருக்கும் ஒன்றும் தெரியாது.

ஊரில் எந்தக் கொடியேற்றம் எந்த வருடம் மழையில் நின்றது என்பதுவரை குறித்துவைத்திருக்கும் நான், அவன் போன நாளை எங்கும் குறிக்கவில்லை. அக்கா விடமாட்டாள். அந்த நாளில் வீட்டில் விசேடமாகச் சமைக்கக்கூடாது, விரதமும் கூடாது, கோயிலில் பேர் சொல்லி அருச்சனையும் கூடாது. நாலு பேருக்குத் தெரிந்த நாளாகிவிட்டால் அது திதி ஆகிவிடும் என்பது அவள் பயம். சுவரில் ஐயா, அம்மா, அத்தான், இப்போது அண்ணை எல்லாரும் மாலையோடு ஒரு பக்கம் தொங்குகிறார்கள். தம்பியின் படம் எதிர்ச்சுவரில், மாலையில்லாமல், நாட்காட்டிக்குப் பக்கத்தில். வெள்ளையடிக்கக் கழற்றி வைக்கும்போதுகூட அதை மற்றப் படங்களோடு சேர்த்து அடுக்க அவள் விட்டதில்லை.

“மாமி, அப்பா சொன்ன கதை முழுக்க அவரைப் பற்றித்தான். அவரை எடுத்தால் கதையே இல்லை.”

“கதை சொல்லுறது வேறை பிள்ளை. இது செத்த ஆக்களின்ரை புத்தகம். இதுக்கை போட்டால் போட்டதுதான்.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் துலா மிதிப்பவனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அவனை எடுத்தாள். நீரில் கரைக்கும் வண்ணம் அது. ஈரத் தூரிகையால் தேய்த்து, பஞ்சால் ஒற்றி எடுத்திருந்தாள். நான் அடுத்த முறை போனபோது படங்கள் முன் விறாந்தையில் காய்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றிலும் மூன்று பிள்ளைகள். ஆனால் வண்ணம் முழுதாகப் போகவில்லை. கிணற்றடியில் வாளிக்குப் பக்கத்தில் ஓர் இளஞ்சிவப்புக் கறை, ஒரு பிள்ளையின் உயரத்தில். ஆடிக்கூழ்ப் பானையைச் சுற்றி மூன்று பேர் இருக்க, நாலாவது இடத்தில் நிலம் மட்டும் சற்று ஈரமானதுபோல் தெரிந்தது. அண்ணை தோளைச் சரித்துக்கொண்டு நடந்தார், தோளில் ஒன்றும் இல்லாமல். எங்கள் மூன்று பேரின் கண்களும் அங்கங்கே வெறும் இடத்தைப் பார்த்தன. வெயிலில் வைத்துப் பார்த்தால் கறை மங்கியது. நிழலில் கொண்டுவந்தால் திரும்ப வந்தது.

அக்கா குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

“என்ன பிள்ளை செய்து வைச்சிருக்கிறாய்?”

“நீங்கள் எடுக்கச் சொன்னனீங்கள். எடுத்தன். போகேல்லை.”

“உப்பிடி ஆவி மாதிரி எல்லா இடமும் திரியவிடாதை. ஒரு இடத்திலை ஒழுங்கா நிக்கட்டும்.”

அவள் தெரிந்தெடுத்தது தை மாதத்தை. அறுவடை முடிந்த வயலில் பட்டம் விடும் படம். அதற்கும் நிபந்தனைகள் இருந்தன. பேர் போடக்கூடாது. படத்தின் கீழ் ஒரு சொல்லும் எழுதக்கூடாது. மற்றப் பக்கங்களைப் புதுக் கடதாசியில் புதிதாகக் கீறவேண்டும், ஆள் இருந்த இடம் தெரியாதபடி.

“முகம் வடிவாத் தெரியவேணும். முதுகைக் காட்டிக் கீறிப்போடாதை. போறவன் மாதிரி இருக்கும்.”

மகள் அப்படியே கீறினாள். வெட்டிய வயல், தூரத்தில் பனைகள், வாடைக்காற்றில் சரிந்த மேகம். பட்டத்தின் தலையில் வில்லாய் வளைத்து நார் கட்டிய விண். காற்றுப் பிடித்தால் அது கூவும். பெரிய பட்டங்களைப் பொழுதுபட்டதும் இறக்காமல் பனையில் கட்டிவிடுவார்கள். படுத்திருக்கும்போது ஊருக்கு மேலே எங்கோ அது ஒரே சுருதியில் அழுதுகொண்டிருக்கும். தம்பி அதைக் கேட்டுப் பயந்து அண்ணையின் பாயில் போய்ப் படுப்பான். பகலில் அதே விண்ணைக் கட்டித் தரச் சொல்லி அழுவான். படத்தில் அவன் நூலைப் பிடித்துக்கொண்டு நேரே நம்மைப் பார்த்து நின்றான். அண்ணை இல்லை, அக்கா இல்லை, நான் இல்லை. பட்டம் கடதாசியின் மேல் விளிம்புக்கு வெளியே போயிருந்தது. நூல் மட்டும் தெரிந்தது.

“ஆளைப்போலவே கிடக்கு” என்றாள் அக்கா. அவள் குரல் வழமையாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு கிணற்றடிக்குப் போனவள் வர நேரம் எடுத்தது.

யாழ்ப்பாணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் கொடுத்தோம். கைபேசிக்கு அவர்கள் அனுப்பிய பக்கங்களைப் பெரிதாக்கி எழுத்தெழுத்தாக நான் பார்த்தேன். பிழையில்லை என்று சொல்லியனுப்பினேன்.

அந்தியேட்டிக்கு முதல் நாள் மத்தியானம் புத்தகங்கள் கட்டுக்கட்டாக ஓட்டோவில் வந்து இறங்கின. அட்டை நன்றாக இருந்தது. மகள் ஒன்றை உருவித் திறந்தாள். திறந்தபடியே நின்றாள்.

ஒவ்வொரு பக்கத்திலும் கீழ் வெளி மூலையில் ஒரு சின்னக் குத்துவிளக்கு. சுடரோடு, மஞ்சளில். கல்வெட்டு எதை எடுத்தாலும் இறந்தவருக்காக மூலையில் எரியுமே, அதே விளக்கு. சித்திரையில், வைகாசியில், ஆனியில். தையில், சிவப்புச் சேட்டுக்காரனின் காலடியில்.

நான் அச்சகத்துக்குக் கைபேசியில் அழைத்தேன். எடுத்தவர் மரியாதையான மனிதர்.

“ஐயா, கல்வெட்டு எண்டுதானே எழுதித் தந்தனீங்கள். கல்வெட்டுக்கு விளக்கு நாங்களாப் போட்டுத்தான் விடுறது. போட்டால் ஒருத்தரும் கேக்கிறேல்லை. போடாட்டித்தான் சண்டைக்கு வருவினம்.”

“நீங்கள் எனக்குக் காட்டினதிலை இருக்கேல்லை.”

“அது கடைசியா மெசின்லை ஏத்தேக்கை போடுறது. ஏன் ஐயா, விளக்கு வடிவா வரேல்லையோ?”

வடிவாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தேன். அவரில் பிழை காண முடியவில்லை. திரும்ப அடிக்க நாளும் இல்லை. முப்பத்தோராம் நாள் யாருக்காகவும் ஒத்திப்போகாது.

அக்கா குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். புத்தகத்தை வாங்கி நேரே தையை எடுத்தாள்.

“நான் சொன்னனான்” என்றாள்.  கதிரையில் அமர்ந்து, புத்தகத்தை மடியில் விரித்து, விளக்கின்மேல் பெருவிரலை வைத்து மறைத்தாள். எடுத்தாள். திரும்ப மறைத்தாள். மகள் அழத் தொடங்கினாள்.

“மாமி, புத்தகத்தைக் குடுக்காமல் விடுவம்.”

“கொப்பருக்குப் புத்தகம் இல்லாமலோ? சனம் என்ன கதைக்கும்? கத்திரிக்கோலை எடு.”

அக்காவே முதலாவதை வெட்டினாள். தைப் பக்கத்தின் மூலையை, விளக்கு அளவுக்கு, சரிவாக. வெட்டிய துண்டைத் திருப்பிப் பார்த்தபோது அதன் பின்னாலும் ஒரு விளக்கு. தாளின் மறுபக்கம் மார்கழி. சேமக்கலத்தோடு நிற்கும் அண்ணையின் விளக்கு அது. அவருக்கு உரிய விளக்கு. அக்கா துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சற்று யோசித்தாள்.

“அண்ணை குறை நினைக்கமாட்டார்.”

பிறகு புத்தகத்தை விரித்துத் தைப் பக்கத்தைப் பார்த்தாள். நானும் குனிந்து பார்த்தேன். வெட்டிய மூலையில் விளக்கு அப்படியே இருந்தது. கீழேயிருந்த கார்த்திகைப் பக்கத்தின் விளக்கு, அதே இடத்தில், அதே சுடரோடு, ஓட்டைக்குள்ளால் தெரிந்தது. அச்சகத்துக்காரர் அவ்வளவு திருத்தமாக அடித்திருந்தார்.

 வெளியே யாரோ மரக்கறி மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

அக்கா கார்த்திகையின் மூலையையும் வெட்டினாள். அதற்குள்ளால் புரட்டாதி. அதையும் வெட்டினாள். அதற்குள்ளால் ஆடி. ஒரு பக்கத்தை இருட்டாக்கினால் அடுத்தது எரிந்தது. கடைசியில் அவள் எல்லாத் தாள்களையும் சேர்த்துப் பிடித்து ஒரேயடியாக வெட்டினாள். அட்டையை மட்டும் விட்டாள். அதில் அண்ணை தனியாக, கோட்டோடு, பெரிய விளக்குக்கு மேலே இருந்தார்.

“எல்லாத்தையும் உப்பிடியே வெட்டுங்கோ.”

பின்னேரம் முழுவதும் மூன்று பேரும் வெட்டினோம். கத்திரிக்கோல் பிடித்த விரல் காய்த்தது. தரையில் விளக்குகள் குவிந்தன. கூட்டி அள்ள மகள் விளக்குமாறோடு வந்தபோது அக்கா தடுத்தாள். கையாலேயே அள்ளி ஒரு பையில் போட்டாள், எங்கே கொண்டுபோய் வைத்தாள் என்று எனக்குத் தெரியாது.

நான் ஒன்றை வெட்டவில்லை. வந்தது வந்தபடி ஒரு பிரதி இருக்கவேண்டும், எதையும் பதிந்து வைப்பவனின் பழக்கம் அது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை என் பையின் அடியில், சால்வைக்குக் கீழே வைத்தேன். பக்கத்தில் அக்கா தலைநிமிராமல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கீரிமலை. ஆண்பிள்ளை இல்லாத அண்ணைக்குக் கொள்ளி வைத்தவன் நான், ஆகவே கிரியைக்கு இருந்தவனும் நான்தான். ஐயர் முன்னோரின் பேர்களைக் கேட்டார். நான் தவறாமல் சொன்னேன். ஐயா, அம்மா, அவர்களின் தாய் தகப்பன். அவர் ஒவ்வொன்றாகச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட வைத்தார். முடிவில் வழமையான கேள்வியைக் கேட்டார்.

“வேறை ஆரும் விடுபட்டிருக்கினமோ?”

கேணிக்குள் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். இல்லை என்றேன். கையில் இன்னும் கொஞ்சம் எள் ஒட்டியிருந்தது. அதைக் கடலில் கழுவினேன்.

மத்தியானம் வீட்டில் பந்தி நடந்தது. சாப்பிட்டவர்கள் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்கள். படங்களை ரசித்தார்கள். அண்ணையின் சின்ன வயதுத் தோழர் ஒருவர் வழுக்கையாற்றுப் படத்தைக் காட்டி, அதில் தன்னைக் காணவில்லை என்று குறைப்பட்டார். பக்கத்து வீட்டு அம்மா மூலையைத் தடவினார்.

“என்ன பிள்ளை, புத்தகத்தை மாடு கடிச்சதோ?”

“ஓம். எங்கடை மாடு வாசிக்கிற மாடு” என்றாள் அக்கா.

அந்த அம்மா சிரித்துக்கொண்டு தைக்கு வந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது உங்கடை கடைசித் தம்பியெல்லே. பாவம்.” என் பக்கம் திரும்பினார். “தம்பி, நீர் எல்லாருக்கும் நாள் வைச்சிருக்கிற ஆள். உவருக்கு எப்ப வரும்?”

நான் வாயைத் திறக்குமுன் அக்கா சொன்னாள்.

“புரட்டாதியிலை. அவன்ரை பிறந்தநாள் புரட்டாதியிலை. பாயாசம் இன்னும் கொஞ்சம் விடட்டே?”

பிள்ளைகளுக்கு யாரும் புத்தகத்தைக் கொடுக்கமாட்டார்கள் என்று அக்கா முதலில் சொன்னது பாதி சரி. பெரியவர்கள் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்கள். ஆனால் முற்றத்தில் சில பிள்ளைகள் ஒரு பிரதியைப் பறித்து நடுவில் விரித்து வைத்திருந்தார்கள். பட்டம் எங்கே போய்விட்டது என்று ஒருத்தி கேட்டாள். மேலே நிக்குது என்று மற்றவன் சொன்னான். மகள் அதைக் கேட்டு நின்றாள்.

எல்லாரும் போன பிறகு நான் புறப்பட்டேன். அக்கா வாசல் படலைவரை வந்தாள். அவள் கண் என் பையில் இருந்தது.

“உதுக்கை ஒண்டு கிடக்கு.”

நான் பையை மற்றக் கைக்கு மாற்றினேன்.

“வெட்டாதது. நான் கண்டனான்.” பையில் கைவைக்கவில்லை அவள். படலைக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “ஒண்டு கேக்கிறன். உண்மையைச் சொல்லு. அவன் இல்லையெண்டு நினைக்கிறியோ?”

இத்தனை வருடத்தில் அவள் அதை யாரிடமும் கேட்டதில்லை. நாங்களும் அவளிடம் சொன்னதில்லை. காலையில் ஐயரிடம் இல்லையென்று சொன்ன வாய்தான் எனக்கு. அது யாரை இல்லையென்றது என்று அப்போதே எனக்குத் தெரியவில்லை. பனைகளுக்குப் பின்னால் பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் இருந்தது கோபமில்லை, பயம்.

“எனக்குத் திகதி தெரியாது அக்கா” என்றேன். “தெரியாததை நான் எழுதிறேல்லை.”

அவள் தலையை ஆட்டினாள். அது அவளுக்குப் போதுமானதா என்று என்னால் சொல்லமுடியாது.

“அப்ப கொண்டுபோ. கிழிக்காதை. ஆருக்கும் காட்டாதை. இஞ்சை திரும்பக் கொண்டுவராதை.”

படலையைச் சாத்திவிட்டு உள்ளே போனாள்.

புத்தகம் கொக்குவிலில் என் மேசையில் கிடக்கிறது. கல்வெட்டுகள் வைக்கும் இடத்திலும் வைக்கவில்லை, மற்றப் புத்தகங்களோடும் வைக்கவில்லை. மனைவி தூசு தட்டும்போது அதை எடுத்துத் தட்டிவிட்டு அதே இடத்தில் வைக்கிறாள், ஏனென்று கேட்பதில்லை. நான் அதைத் திறந்ததில்லை. அதன்மேல் வேறு எதையும் வைப்பதுமில்லை.